சிக்னாலிஸில் மாட்டிக்கொண்டால்: எது கோளாறு, எது விளையாட்டு

ஒரு கேமில் திரை திடீரென்று கிழிகிறது, ஒலி கரகரக்கிறது, புரியாத எழுத்துகள் ஒரு கணம் பளிச்சிட்டு மறைகின்றன என்றால் நாம் முதலில் சந்தேகப்படுவது கிராஃபிக்ஸ் கார்டைத்தான். சிக்னாலிஸில் அந்தச் சந்தேகம் பாதி நேரம் தப்பாகப் போகும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் ரோஸ் எஞ்சின் என்ற இரண்டு பேர் குழு உருவாக்கி, 2022 அக்டோபர் 27 அன்று வெளிவந்த திகில் கேம் இது. நாம் நடத்திச் செல்லும் எல்ஸ்டர் ஒரு மனித உருவ இயந்திரம்; அவளுடைய நினைவு சிதைவதைத் திரையையே சிதைத்துக் காட்டுகிறார்கள். அதனால் உண்மையான கோளாறைப் பார்த்து "இதுவும் கதைதான் போல" என்று பொறுத்துக்கொள்பவர்களும் உண்டு, கதையைப் பார்த்துவிட்டு விண்டோஸையே மறுபடி நிறுவப் போனவர்களும் உண்டு. நண்பர்கள் பலருக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், எனவே அறிகுறி வாரியாக மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. கடைசியாகச் சேவ் செய்ததை லோட் செய்து அதே அறைக்கு அதே வழியில் போங்கள். அதே இடத்தில், அதே கணத்தில், அதே மாதிரி திரை கிழிந்தால் அது எழுதி வைக்கப்பட்ட காட்சி, தொட வேண்டாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வருகிறது, கேமை விட்டு டெஸ்க்டாப்புக்கு வந்தாலும் கோடுகள் தெரிகின்றன என்றால் அது உங்கள் கணினி. இந்த ஒரு சோதனையை முதலில் செய்தால் கீழே உள்ளதில் பாதியைப் படிக்கவே தேவையிருக்காது.

கேம் திறக்கவே இல்லை, அல்லது திறந்ததும் மூடிக்கொள்கிறது

இது கனமான கேம் இல்லை, பழைய மடிக்கணினியிலும் ஓடும், அதனால் இங்கே காரணங்கள் குறைவு. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கியிருந்தால் கேமின் பெயரில் வலது கிளிக் செய்து கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், பாதியில் அறுந்த டவுன்லோடு அதிலேயே சரியாகிவிடும். அப்புறம் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். மடிக்கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியின் கீழே கிராஃபிக்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், அங்கே இந்த கேமைச் சேர்த்து இரண்டில் ஒன்றைக் கட்டாயமாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒன்றில் திறக்காதது மற்றொன்றில் திறந்துவிடுவது உண்டு.

நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு தனிச் சங்கதி. விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருந்தால், அந்தப் பெயரிலேயே கோப்புறையும் உருவாகியிருக்கும். சில கேம்கள் அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் தடுமாறும். எல்லாம் செய்தும் திறக்கவில்லை என்றால் ஆங்கில எழுத்தில் ஒரு புதிய பயனர் கணக்கு தொடங்கி அதில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது.

படம் கட்டம் கட்டமாக இருக்கிறது, நடந்தால் ஓரங்கள் நெளிகின்றன

கட்டம் கட்டமாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. கேம் உள்ளுக்குள் 640 × 360 என்ற சிறிய அளவில்தான் படத்தை வரைகிறது, பிறகு அதை உங்கள் திரைக்கு ஏற்பப் பெரிதாக்குகிறது. முப்பரிமாண உருவங்களைக் கையால் வைத்த பிக்சல் ஓவியம் போலத் தெரிய வைக்கும் வேலை அது, கேமின் அழகில் பெரும்பங்கு அதற்குத்தான். படத்தைக் கூர்மையாக்கும் மோட் (ரசிகர்கள் செய்து பகிரும் மாற்றம்) தேடிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் நெளிவது வேறு விஷயம், அது உண்மையான கோளாறு, காரணம் எளிய வகுத்தல் கணக்கு. 1920 × 1080 திரையில் 360 சரியாக 3 மடங்காகிறது. 2560 × 1440 திரையில் 4 மடங்கு, 3840 × 2160 திரையில் 6 மடங்கு. ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு சதுரமாக வரும், படம் அசையாமல் நிற்கும். ஆனால் இன்னும் பலர் வீட்டில் இருக்கும் 1366 × 768 மடிக்கணினியில் 768-ஐ 360-ஆல் வகுத்தால் 2.13 வருகிறது. அதனால் சில புள்ளி இரண்டு வரி உயரம், சில புள்ளி மூன்று வரி உயரம் என்று கலந்து விழும். எல்ஸ்டர் நடக்கும்போது அவள் ஓரங்கள் புழு நெளிவது போல நெளியும். பழைய டிவி போலக் கோடு போடும் வடிகட்டி வேறு இயங்கிக்கொண்டிருந்தால் திரை முழுக்க அலை அலையாகப் பட்டைகள் தெரியும்.

தீர்வு: கேமின் அளவை 1280 × 720 ஆக்குங்கள், அது சரியாக 2 மடங்கு. பிறகு கிராஃபிக்ஸ் டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகையில், படத்தைத் திரை முழுக்க இழுக்காமல் நடுவில் வைக்கும் தெரிவைப் போடுங்கள். இடமும் வலமும் 43 புள்ளி, மேலும் கீழும் 24 புள்ளி கறுப்பு விளிம்பு வரும், ஐந்து நிமிடத்தில் அது கண்ணில் படவே படாது. இது சரியானதும் டிவி வடிகட்டியை மறுபடி போட்டுப் பாருங்கள், இப்போது அது எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரியும். டிவியில் இணைத்து ஆடுபவர்களுக்கு ஓரங்கள் வெட்டுப்பட்டால் கேமில் ஒன்றும் மாற்ற வேண்டாம், டிவியின் பட அளவு தெரிவில் முழுப் படத்தையும் வெட்டாமல் காட்டும் வகையைப் போடுங்கள்.

ஒன்றுமே தெரியவில்லை, ஒரே இருட்டு

முதலில் விண்டோஸின் இரவு விளக்கு வடிகட்டியை அணையுங்கள், திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். மலிவான மடிக்கணினித் திரைகளில் கோணம் மாறினாலே கறுப்பு சாம்பலாகிவிடும். அப்படியும் ஓர் அறை மட்டும் முழு இருட்டு என்றால் அந்த அறைக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம், கைவிளக்கு கிடைத்த பிறகு திரும்பி வாருங்கள். பிரைட்னஸை உச்சிக்கு ஏற்றி அந்த அறையைத் துழாவியவர்களைப் பார்த்திருக்கிறேன். கறுப்பும் சிவப்பும் மட்டுமே வைத்து அவர்கள் கட்டிய திகில் அதில் வெளுத்துப் போய்விடுகிறது.

கண் எரிகிறது, தலை வலிக்கிறது

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த கேமில் வேகமாக மின்னும் படங்களும் எழுத்துகளும் அடிக்கடி வரும், சிவப்புத் திரை கறுப்புக்கு மாறி மாறி அடிக்கும். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் ஆடாதீர்கள், அறிமுகமில்லாத கேமில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கவே வேண்டாம். மற்றவர்கள் அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, முழுத் திரைக்குப் பதிலாகச் சின்ன ஜன்னலில் ஆடினால் வலி பெரிதும் குறையும். விளக்கை அணைத்து ஆடினால்தான் பயம் வரும் என்பார்கள். இந்த கேமுக்கு அந்த உதவி தேவையில்லை.

எல்ஸ்டர் தானாக நடக்கிறாள், பட்டன் இரண்டு முறை விழுகிறது

கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு விசைப்பலகையில் ஆடிப் பாருங்கள். நின்றுவிட்டால் கன்ட்ரோலரின் குச்சி தேய்ந்து நடுவில் நிற்காமல் நழுவுகிறது. ஸ்டீமின் கன்ட்ரோலர் பகுதியில் நடுப்பகுதி அசைவைப் புறக்கணிக்கும் அளவைக் கொஞ்சம் கூட்டினால் போதும். ஒரு முறை அழுத்தினால் மெனுவில் இரண்டு வரி தாண்டுகிறது என்றால் கன்ட்ரோலரை ஸ்டீமும் படிக்கிறது, கேமும் நேரடியாகப் படிக்கிறது என்று அர்த்தம். கேமின் கன்ட்ரோலர் தெரிவில் ஸ்டீம் இன்புட்டை அணைத்துப் பாருங்கள், அதில் கன்ட்ரோலரே வேலை செய்யாமல் போனால் மறுபடி போட்டுவிட்டு, பின்னணியில் ஓடும் வேறு கன்ட்ரோலர் மென்பொருளை மூடுங்கள். இரண்டில் ஒன்றுதான் படிக்க வேண்டும்.

விசைப்பலகையில் ஆடும்போது சில விசைகள் மட்டும் செத்துப்போனது போல இருந்தால், தமிழ்த் தட்டச்சு இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். யாருக்கோ தமிழில் பதில் அடித்துவிட்டு அப்படியே கேமுக்குள் வந்திருப்போம். நடப்பதற்கு அழுத்தும் விசையைத் தட்டச்சு மென்பொருள் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறினால் தீர்ந்தது. நான் கேம் தொடங்கும் முன் தட்டச்சு மென்பொருளையே மூடிவிடுகிறேன்.

நடை தலைகீழாக, வண்டி ஓட்டுவது போல இருக்கிறது என்றால் பழைய காலத்து டேங்க் கட்டுப்பாட்டு முறை தெரிவாகியிருக்கிறது. செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

வானொலியில் எண் சொல்கிறார்கள், கேட்கவும் இல்லை புரியவும் இல்லை

இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எல்ஸ்டருக்கு உள்ளேயே ஒரு வானொலி பொருத்தப்படும். அலைவரிசையை நகர்த்தினால் இரைச்சலுக்கு நடுவே இசை, குரல், விநோதமான கீச்சொலி எல்லாம் கிடைக்கும். சில புதிர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது. எந்த அலைவரிசை என்பது எங்கோ ஒரு காகிதத்தில், சுவரில், திரையில் எழுதியிருக்கும். வேகமாக ஓட்டினால் தாண்டிப் போய்விடும், சரியான எண்ணுக்கு மிக அருகில் வந்ததும் விட்டு விட்டு அழுத்துங்கள்.

ஒலியே சரியாகக் கேட்கவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்பு 5.1 என்று இருந்து உங்களிடம் இருப்பது இரண்டே ஸ்பீக்கர் என்றால் நடுவில் வர வேண்டிய ஒலி காணாமல் போகும், ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். இரண்டு, புளூடூத் ஹெட்போனில் ஆடிக்கொண்டே நண்பர்களோடு பேசினால் மைக் திறந்த உடனே ஹெட்போன் அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும், எல்லாமே தொலைபேசிக்குள்ளிருந்து கேட்பது போல ஆகும். இந்த கேமை வயர் உள்ள ஹெட்போனில், பேச்சில்லாமல் ஆடுங்கள்.

குரல் நன்றாகக் கேட்கிறது, ஆனால் என்ன எண் என்று தெரியவில்லை என்றால், அது ஜெர்மன். பூஜ்யம் முதல் ஒன்பது வரை இப்படி ஒலிக்கும்: நுல், ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை, ஃபியர், ஃப்யூன்ஃப், ஸெக்ஸ், ஸீபன், ஆஹ்ட், நோய்ன். ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை, நோய்ன் நான்கும் இரைச்சலில் ஒன்றோடொன்று குழம்பும். ஜெர்மன்காரர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு, அதனால்தான் வானொலியிலும் தொலைபேசியிலும் இரண்டை ட்ஸ்வோ என்று மாற்றிச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. ஒரே முறை கேட்டு எழுதாதீர்கள். செய்தி சுற்றிச் சுற்றி வரும், மூன்று சுற்று கேட்டு மூன்று வரியாக எழுதி ஒப்பிடுங்கள், எந்த இலக்கம் மாறுகிறதோ அதில் மட்டும் காதை வையுங்கள்.

இது அவர்களுடைய கற்பனை என்று நினைத்துத்தான் நானும் முதலில் ஆடினேன். பனிப்போர்க் காலத்தில் இப்படிப்பட்ட எண் வானொலிகள் உண்மையிலேயே சிற்றலையில் ஒலித்தன. ஐந்து ஐந்து இலக்கமாக ஒரு குரல் வாசித்துக்கொண்டே போகும், எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் உளவாளி அதை எழுதி, ஒருமுறை மட்டும் பயன்படும் சங்கேதத் தாளை வைத்துப் படிப்பார். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை இதற்காக எண்களைத் தானே உச்சரிக்கும் ஓர் இயந்திரத்தையே வைத்திருந்தது. கேமின் தொடக்கத்தில் வரும் செய்தியும் அதே ஐந்து இலக்க அடுக்கில் இருப்பதைக் கவனியுங்கள்.

அப்புறம், சில இடங்களில் எதிரி அருகில் வந்ததும் திரை முழுக்க இரைச்சலாகி ஒன்றும் தெரியாமல் போகும். கோலிப்ரி என்ற இயந்திர வகை அது. துப்பாக்கியை எடுப்பதற்கு முன் வானொலியைத் திறந்து அந்தச் சிக்னலைப் பிடியுங்கள், அதற்கு எதிரான ஆயுதம் அதுதான். இந்த இயந்திர வகைகளுக்கெல்லாம் பறவைப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், எல்ஸ்டர், ஆட்லர், ஃபால்கெ எல்லாம் ஜெர்மன் பறவைப் பெயர்கள், நடுவே ஒன்றின் பெயர் மைனா. அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

சேவ் செய்ததைக் காணோம்

பெரும்பாலும் சேவ் செய்யவே இல்லை என்பதுதான் விடை. இதில் கதவைத் தாண்டினால் தானாகப் பதிவாகும் ஏற்பாடு கிடையாது. சேவ் அறையில் இருக்கும் சிவப்புத் திரைக்குப் போய் நீங்களே செய்தால்தான் உண்டு. எங்கள் தெருவில் ஒரு நாள் கரண்ட் போய் நாற்பது நிமிட ஆட்டம் அப்படியே போனது, அதிலிருந்து ஒரு புதிர் தீர்ந்தாலோ ஒரு சாவி கிடைத்தாலோ சேவ் அறைக்குத் திரும்பிவிடுகிறேன். சேவ் செய்ய இதில் எந்தப் பொருளும் செலவாகாது, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ஒரே இடத்தில் மேலேயே எழுதாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

நிச்சயமாகச் சேவ் செய்தீர்கள், இன்று திறந்தால் பழைய ஆட்டம்தான் இருக்கிறது என்றால் ஸ்டீம் கிளவுட் (உங்கள் பதிவுகளை இணையத்தில் வைக்கும் ஏற்பாடு) பக்கம் பாருங்கள். இரண்டு கணினியில் ஆடுபவர்களுக்கு எந்தப் பதிவை வைத்துக்கொள்வது என்று ஸ்டீம் கேட்கும், அவசரத்தில் தப்பானதை அழுத்தினால் புதியது அழிந்துவிடும். அந்தக் கேள்வி வந்தால் எதையும் அழுத்துவதற்கு முன் கணினியில் உள்ள கோப்புறையை நகல் எடுத்துவிடுங்கள். உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா (மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும்), அதற்குள் லோக்கல்லோ, அதற்குள் ரோஸ் எஞ்சின், அதற்குள் சிக்னாலிஸ். கணினியை ஃபார்மட் செய்யும் முன்பும் இதைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கேம் திடீரென்று மூடிக்கொண்டால் அதே இடத்தில் இருக்கும் பிளேயர் லாக் கோப்பின் கடைசி வரிகளில் காரணம் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு.

பையில் இடமே இல்லை

இது கோளாறில்லை, ஆனால் இதைச் சொல்லித்தான் அதிகம் பேர் கேமை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அசல் அமைப்பில் ஆறு இடம்தான். கதைக்குள்ளேயே ஆறு பொருளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது, கதையில் வரும் அரசு தன் மக்களை எப்படி நடத்துகிறது என்பதை உங்கள் பையே உங்களுக்குக் காட்டுகிறது.

பழகுவதற்கு வழி இதுதான். சேவ் அறையிலிருந்து கிளம்பும்போது ஒரு துப்பாக்கி, ஒரு மருந்து, இவ்வளவுதான். கைவிளக்கும் அசல் அமைப்பில் ஓர் இடத்தைப் பிடிக்கும், இருண்ட அறைக்குப் போகும் பயணத்தில் மட்டும் எடுங்கள். குண்டுகளைத் துப்பாக்கிக்குள் நிரப்பிவிட்டு மீதியைச் சேவ் அறையில் உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள், துப்பாக்கிக்குள் இருப்பதற்குத் தனி இடம் தேவையில்லை. புதிதாக ஒரு பகுதியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் குறைந்தது மூன்று இடம் காலியாக இருக்க வேண்டும். எந்தக் கதவுக்கு என்று தெரியாத சாவியைக் கூடவே தூக்கித் திரியாதீர்கள், ஒரு சேவ் அறைப் பெட்டியில் வைத்ததை இன்னொரு சேவ் அறையில் எடுக்கலாம்.

இடமில்லாத நேரத்தில் புதிய பொருளைப் பார்த்தால் பதறாதீர்கள், அது அங்கேயே இருக்கும். அடிபட்டிருந்தால் மருந்தை அப்போதே பயன்படுத்தி ஓர் இடத்தைக் காலி செய்யலாம். இரண்டு பொருள் ஒன்றுக்கொன்று தொடர்புடையதாகத் தெரிந்தால் சேர்த்துப் பாருங்கள், சேர்ந்துவிட்டால் ஓர் இடம் மிச்சம்.

குண்டு தீர்ந்துவிட்டது, கொன்றவை எழுந்து வருகின்றன

எழுந்து வருவது பிழையில்லை. நீங்கள் வேறு பக்கம் போய்த் திரும்பும்போது கீழே விழுந்தவை மறுபடி எழும். அவற்றை நிரந்தரமாக முடிக்க நம்பகமான வழி, விழுந்த உடலைத் தெர்மைட் எரிகுச்சியால் கொளுத்துவது, அது மிகக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். நீங்கள் அடிக்கடி கடக்கும் நடைபாதை எது, சேவ் அறைக்கும் பெரிய புதிருக்கும் நடுவே இருப்பது எது என்று பாருங்கள், எரிகுச்சியை அங்கே மட்டும் செலவிடுங்கள். ஒரே முறை போய்ப் பொருளை எடுத்துவிட்டுத் திரும்பவே தேவையில்லாத அறையில் ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது, வளைந்து ஓடி வெளியே வந்துவிடுங்கள்.

சுடும்போது குறி வைத்ததும் எதிரியைச் சுற்றி ஒரு சட்டம் தோன்றிச் சுருங்கும். அது முழுதாகச் சுருங்கும்வரை பொறுங்கள், பயத்தில் பட்டனை அடித்துக்கொண்டே இருந்தால்தான் குண்டு தீர்கிறது. நான் பார்த்தவரை குண்டு போதவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சட்டத்தின் அர்த்தம் தெரியாது.

எல்லா இடத்துக்கும் போய்விட்டேன், அடுத்து என்ன என்று தெரியவில்லை

இதற்குப் பதில் பார்ப்பது எளிது, ஆனால் இந்த கேமில் பதிலைப் பார்த்துவிட்டால் மிச்சம் அதிகம் இருக்காது. அதற்கு முன் அரை மணி நேரம் இப்படிச் செய்யுங்கள்.

ஒரு காகிதத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் திறக்காதவை: பூட்டிய கதவு, பெட்டகம், சுழற்றும் கருவி, ஏதோ வைக்க வேண்டிய காலிக் குழி. மேப்பைத் திறந்தால் பூட்டிய கதவுகள் அதில் தெரியும், ஒன்று விடாமல் எழுதுங்கள். வலப்பக்கம் கையில் உள்ளவை: பெட்டியில் இருக்கும் சாவிப் பொருள்கள், படித்த குறிப்புகள், சுவரில் பார்த்த குறியீடுகள், எழுதி வைத்த அலைவரிசைகள். இரண்டு பக்கத்திலும் வடிவமோ எண்ணிக்கையோ ஒத்துப்போகிறதா பாருங்கள். பெட்டகம் எத்தனை இலக்கம் கேட்கிறதோ அத்தனை இலக்கம் எங்கே பார்த்தீர்கள்? காலிக் குழி வட்டமாக இருந்தால் வட்டமான பொருள் எது? வலப்பக்கத்தில் எதற்குமே பயன்படாமல் ஒரு குறிப்பு மிஞ்சியிருந்தால் அதுதான் பெரும்பாலும் விடை.

இன்னும் கிடைக்கவில்லை என்றால் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்து ஆராய்ந்து பாருங்கள், பெயரை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவதுதான் நாம் எல்லாரும் செய்வது. ஒரு பகுதியைத் தாண்டிவிட்டால் பழைய பகுதிக்குத் திரும்ப முடியாது, அதனால் விடையும் நீங்கள் இப்போது இருக்கும் பகுதிக்குள்ளேயேதான் இருக்கும், மூன்று மணி நேரத்துக்கு முன் எதையோ விட்டுவிட்டோமோ என்று ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

கேமுக்குள்ளேயே படம் பிடித்து வைக்கும் கருவி ஒன்று கிடைக்கும், ஆனால் அசல் அமைப்பில் அதுவும் பையில் ஓர் இடம். கைபேசியில் திரையைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. தமிழில் இந்த கேம் இல்லை, ஆங்கிலக் குறிப்புகளும் சில சமயம் சுற்றி வளைத்துப் பேசும். புரியாத குறிப்பைப் படம் எடுத்து வைத்தால் நிதானமாகப் படிக்கலாம். திரையில் பெரிதாக வரும் ஜெர்மன், சீன, ஜப்பானிய எழுத்துகள் புரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், புதிருக்குத் தேவையானது நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியிலேயே வரும். எண் குரல் ஒன்றுக்குத்தான் மேலே சொன்ன பட்டியல் தேவை.

இனி வருவது கதையின் பின்பகுதியைத் தொடுகிறது. அங்கே இன்னும் போகாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மாட்டிக்கொண்டால் மட்டும் திரும்பி வாருங்கள்.

மேப் திறக்கவில்லை

சுவரெல்லாம் சதையாக மாறிப்போன ஒரு பகுதி வரும். அங்கே மேப் வேலை செய்யாது, கதவுகளும் நீங்கள் எதிர்பார்க்கும் பக்கம் கொண்டுபோய் விடாது. கோப்புகளைச் சரிபார்த்துப் பயனில்லை, அது அப்படித்தான். காகிதத்தில் அறைகளைச் சதுரமாக வரைந்து எந்தக் கதவு எங்கே போகிறது என்று அம்புக்குறி மட்டும் போடுங்கள், திசையைச் சரியாக வரைய முயன்றால் குழம்பிவிடும். ஒவ்வோர் அறைக்கும் நீங்களே ஒரு பெயர் வையுங்கள். என் காகிதத்தில் "குழி", "கிளினிக்", "இரண்டு பேர்" என்றெல்லாம் இருந்தது, அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓடி முடிந்தன, தலைப்புத் திரைக்கு வந்துவிட்டேன், ஆனால் எதுவும் முடிந்த மாதிரி இல்லை

முடியவில்லை. அந்தச் சதைப் பகுதிக்குப் பிறகு கேம் முடிந்துவிட்டது போல உங்களைத் தலைப்புத் திரையில் கொண்டுவந்து விடும். அந்தத் திரை மாறியிருப்பதைக் கவனியுங்கள். கேமை மூடிவிடாதீர்கள், முன்பு சேவ் செய்ததைத் தேடி லோட் செய்யவும் வேண்டாம், அந்தத் திரையிலிருந்தே மறுபடி ஆட உள்ளே போங்கள். இந்த இடத்தில் "சின்ன கேம், முடிவு புரியவில்லை" என்று சொல்லி அழித்துவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும், இருவரையும் மறுபடி நிறுவ வைத்தேன். கதையின் உயிரான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

எனக்கு வந்த முடிவும் நண்பருக்கு வந்த முடிவும் வேறு

இரண்டும் சரி. வழக்கமான முடிவுகள் மூன்று, அதோடு ரகசியமாக ஒன்று. எது வரும் என்பதை எந்த மெனுவிலும் நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எத்தனை முறை இறந்தீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தீர்கள், எப்படிச் சண்டையிட்டீர்கள் என்று நீங்கள் ஆடிய விதத்தைக் கேம் பின்னால் கணக்கிட்டுக்கொண்டே வந்திருக்கும். வேறு முடிவு வேண்டும் என்றால் கடைசியாகச் சேவ் செய்ததை லோட் செய்து பெரிய பலன் இருக்காது, முதலிலிருந்து வேறு மாதிரி ஆடுங்கள். இரண்டாம் முறை பாதி நேரம்கூட ஆகாது, எண்களைக் கேட்டதும் கை தானாக எழுதும்.